மலைக் கணக்கு – 14: ஒற்றைத் தண்டட்டி

அம்மாவின் பீரோவில் ஒரு கோபால் பல்பொடி டப்பா உண்டு. பல்பொடி தீர்ந்து நாற்பது வருஷம் இருக்கும். அதற்குள் திருகாணி தொலைந்த ஒற்றைக் கம்மல், மூன்று துண்டான சங்கிலி, நெளிந்த மோதிரம், அக்காவுக்குக் காது குத்தியபோது போட்ட வளையத்தில் பாதி. துணியில் தனியாகச் சுற்றியிருந்தது அப்பத்தாவின் காதுத் தண்டட்டி, அதுவும் ஒற்றை.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பூம்பாறை என்று இந்தத் தொடருக்காக நான் ஏறி இறங்கிய வீடுகளிலும் இப்படி ஒன்று இருந்தது. சில வீட்டில் சுருக்குப்பை, சில வீட்டில் மாத்திரை டப்பா. சென்ற வாரம் பூண்டு விதைக்கு வாங்கும் கடனைப் பற்றி எழுதினேன். கடன் கேட்கப் போவதற்கு முந்தின ராத்திரி, அடுப்படியில் இந்த டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேச்சு நடக்கிறது. விற்பதா, அடகு வைப்பதா என்ற பேச்சு. பெரும்பாலும் அடகுதான் ஜெயிக்கும். நகையை விற்றால் குடும்பம் நொடித்துவிட்டது என்று ஊர் சொல்லும். அடகு வைத்தால் யாருக்கும் தெரியாது.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. கொடைக்கானலுக்கு ஏப்ரலும் மேயும்தான் சீசன். அந்த இரண்டு மாதத்தில் சம்பாதிப்பதை வைத்து வருஷத்தை ஓட்டுகிற குடும்பங்கள் ஏராளம்: ஏரிக்கரையில் குதிரை விடுகிறவர்கள், டாக்ஸி ஓட்டுகிறவர்கள், மூஞ்சிக்கல்லில் கடை வைத்திருப்பவர்கள். சீசன் அப்படியே போயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னையில் ஒரு பவுன் 43,000 ரூபாயைத் தாண்டியது. அதுவரை கண்டிராத விலை. கையில் காசே இல்லாத நேரத்தில் டப்பாவில் கிடந்த உடைசலுக்கு அதுவரை இல்லாத மதிப்பு. அன்று அதை விற்று அரிசி வாங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நகை அதற்காகத்தான் இருந்தது.

எனக்கு வருத்தம், எப்படி விற்றோம் என்பதில்தான். அதற்கு எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

1998இல் என் விடுதிக் கட்டணத்துக்காக அப்பா ஜோடித் தண்டட்டியில் ஒன்றை எடுத்துக்கொண்டு மலையிறங்கினார். கீழே ஒரு கடையில் கொடுத்தார். கடை பெயர் வேண்டாம். தண்டட்டி, பாம்படம் எல்லாம் உள்ளே கூடு. தங்கத் தகட்டை மடித்து உள்ளே அரக்கு ஊற்றியிருப்பார்கள். இல்லையென்றால் லேசாக இடித்தாலே நசுங்கிவிடும். கடைக்காரர் கையில் வைத்துப் பார்த்து, “பாதிக்குப் பாதி அரக்கு போகும்ணே” என்றார். தராசில் 21 கிராம் காட்டியது. பத்தரை கிராமுக்குக் காசு எண்ணிக் கொடுத்தார். அன்று பவுன் சுமார் மூவாயிரம் ரூபாய். அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

கடைசி பஸ். மலைக்காரர் விற்கிற எல்லாவற்றிலும் இது இருக்கிறது. பூண்டு மூட்டையோடு வடுகபட்டியில் நிற்கிறவருக்கும் மலைவாழைத் தாரோடு நிற்கிறவருக்கும் இருட்டுவதற்குள் மேலே போயாக வேண்டும். எதிரில் இருப்பவருக்கு அது தெரியும். கொடைக்கானலிலிருந்து பழனிக்கு 64 கிலோமீட்டர் கொண்டை ஊசி வளைவுப் பாதை. “நாளைக்கு வந்து யோசிச்சுச் சொல்றேன்” என்று சொல்ல மலைக்காரருக்கு முடிவதில்லை.

மீதியிருந்த ஒற்றைத் தண்டட்டியை 2025இல் அம்மா விற்க முடிவெடுத்தார். அந்த ஆண்டு ஜனவரியிலேயே பவுன் 60,000ஐத் தாண்டியிருந்தது. இந்த முறை நானும் கூடப் போனேன். காலை முதல் பஸ்.

பழனி அடிவாரத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரு வயதான பத்தர். “அறுத்துப் பாத்துருவோமா தாயி?” என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் கை வைத்தார். ஒட்டு விட்ட இடத்தில் பிரித்து, லேசாகச் சூடு காட்டி, அரக்கை ஒரு தட்டில் வழித்தார். தகட்டைத் தனியே நிறுத்தார். 16 கிராம். இரண்டு பவுன். அரக்கு வெறும் 5 கிராம்.

அரக்கு பார்வைக்கு இடத்தை அடைக்கும், எடைக்கு ஒன்றுமில்லை. தங்கம் அதைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல் கனம். பாதிக்குப் பாதி என்று கண்ணால் சொன்னது இடத்தின் கணக்கு. காசு கொடுத்ததும் அந்தக் கணக்கில்தான். இரண்டும் ஒரே அச்சில் செய்த ஜோடி. 1998இல் அப்பா ஐந்தரை கிராமை அந்த மேஜையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பா இல்லாமல் போய் ஆறு வருஷம்.

அடுத்தது மாற்று. பத்தர் உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தெரிந்த மாற்றுள்ள தங்கத்தில் இன்னொரு கோடு இழுத்து, ஆசிட் தொட்டு நிறம் பார்த்தார். பிறகு மெஷினிலும் வைத்துப் பார்த்தோம். அது எக்ஸ்-கதிரை மேல்தோலில் பாய்ச்சிக் கணக்குச் சொல்லும். ஆழத்தில் இருப்பது அதற்குத் தெரியாது. முலாம் பூசியதையும் பற்றவைப்பு அதிகமுள்ளதையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்து நம்பக்கூடாது. இரண்டு மூன்று இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் தகடு 84 சதவீதம் காட்டியது. 22 காரட் என்றால் 91.6 இருக்க வேண்டும். அப்பத்தாவை யாரும் ஏமாற்றவில்லை. பழைய நகையில் பற்றவைக்கும் பொடியில் செம்பும் வெள்ளியும் அதிகம், அதனால் உருக்கினால் மாற்று இறங்கும். பிறகு கேடிஎம் வந்தது. பொடியில் காட்மியம் கலந்தார்கள், மாற்று இறங்கவில்லை, ஆனால் அந்தப் புகை பத்தர்களின் நுரையீரலைத் தின்றது. அதையும் விட்டாயிற்று.

இந்தப் பத்தரின் தகப்பனாரும் பத்தர். 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்து, 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்று ஆனபோது கல்லையும் ஊதுகுழலையும் பரணில் போட்டுவிட்டுக் கூலி வேலைக்குப் போனாராம். நாடெங்கும் பத்தர்கள் தற்கொலை செய்துகொண்ட காலம் அது. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் முழுதாக நீங்க 1990 ஆயிற்று.

ஹால்மார்க் இல்லாத பழைய நகையைக் கடைக்காரர் வாங்கமாட்டார் என்று மலையில் பலர் நம்புகிறார்கள். தவறு. 2021 ஜூன் 16இலிருந்து கட்டாயமானதும், 2023 ஏப்ரல் 1இலிருந்து எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்க எச்யூஐடி அடையாளக் குறி இல்லாமல் கூடாது என்று ஆனதும் கடைக்காரர் நமக்கு விற்கும் நகைக்கு. நாம் விற்கும் உடைசலுக்கு அந்தத் தடை இல்லை. முத்திரை இல்லாத நகையைச் சந்தேகமிருந்தால் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) அங்கீகாரம் பெற்ற மையத்தில் நாமே சோதித்துக்கொள்ளலாம். 2023இல் அறிவித்த கட்டணம் நான்கு உருப்படி வரை 200 ரூபாய், ஐந்து அல்லது அதற்கு மேல் என்றால் உருப்படிக்கு 45 ரூபாய். மதுரை, கோவைக்குப் போகிற வேலை இருக்கும்போது கையில் எடுத்துப் போங்கள். மாற்று எழுதிய தாளோடு வருகிறவரிடம் யாரும் கண்ணளவுக் கணக்குச் சொல்ல மாட்டார்கள்.

காசு விஷயத்தில் இன்னொரு குழப்பம். “முழுசும் ரொக்கமா வேணும்” என்று நிற்கிறோம். 2017 ஏப்ரலிலிருந்து வியாபாரி ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுத்தால் வருமான வரியில் அதைச் செலவாகக் காட்ட முடியாது. ஆகவே ஒழுங்கான கடை மீதியை வங்கிக் கணக்கில்தான் போடும். முழுவதையும் ரொக்கமாகத் தருகிறேன், பில் வேண்டாம் என்கிற இடத்தில் விலை குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் குறைந்திருக்கும். வீட்டுப் பழைய நகையை விற்பவர் ஜிஎஸ்டி எதுவும் கட்ட வேண்டியதில்லை. அதைச் சொல்லிப் பிடித்தால் கொடுக்காதீர்கள்.

நகை வாங்கும்போது கொடுக்கும் சேதாரம் விற்கும்போது நமக்குத் திரும்பி வராது. கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பவுன் நகை 80,000, பத்து சதவீதம் சேதாரத்தோடு 88,000, மூன்று சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 90,640. மறுநாளே விற்றால், உருக்கும் கழிவு இரண்டு சதவீதம் போக 78,400. ஒரே ராத்திரியில் 12,240 ரூபாய் போயிற்று. மலையில் கல்யாணத்துக்குக் கடன் வாங்கி நகை செய்து, ஆறே மாதத்தில் விற்கிற வீடுகளைப் பார்க்கும்போது என் வயிறு எரிவது இதனால்தான்.

அடகைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். விலை ஏறிய இந்த வருஷங்களில் அடகு வைத்து மீட்டவர்களுக்கு லாபம்தான். மீட்க முடியாதவர்களுக்கு நகையும் போயிற்று, கட்டிய வட்டியும் போயிற்று. கட்டிய வட்டியைக் கூட்டிப் பார்த்த வீடு ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. போடாத நகை, உடைந்த நகை, ஜோடியில்லாத நகை என்றால் அதை வருஷா வருஷம் அடகு வைத்து வட்டி கட்டுவதைவிட விற்றுவிடுவதே மேல் என்பது என் எண்ணம். மூழ்கிப்போன நகையை ஏலம் விட்டால், கடனும் வட்டியும் செலவும் போக மிச்சம் உங்களுடையது. பூம்பாறையில் நான் கேட்ட பத்துப் பேரில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

தாலி உருப்படியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்ட ஒரு அக்காவைப் பண்ணைக்காட்டில் பார்த்தேன். கஜா புயலில் வாழை முழுவதும் சாய்ந்த 2018 நவம்பருக்குப் பிறகு கொடுத்தது. “தோட்டத்துக்குத்தானே தம்பி குடுத்தேன்” என்றார். இன்னும் செய்து போடவில்லை.

அன்று பழனியில் தகட்டுக்கான பணத்தை அம்மாவின் கணக்கில் போட்டு, பில் எழுதி வாங்கினோம். சங்கிலித் துண்டையும் மோதிரத்தையும் அம்மா கொடுத்தார். கம்மலைக் கொடுக்கவில்லை, ஜோடி எங்காவது கிடைக்கும் என்றார். கிளம்பும்போது தட்டில் ஆறிக் கிடந்த அரக்குக் கட்டியைப் பத்தர் குப்பையில் தட்டப் போனார். அம்மா கையை நீட்டி வாங்கி, தண்டட்டி சுற்றியிருந்த அதே துணியில் முடிந்துகொண்டார். மதிய பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழி நெடுக அதை விரலால் நெருடிக்கொண்டே வந்தார்.

(தொடரும்)