தொட்டிக்குள் ஒரு மிதவை

உங்கள் வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே ஒரு குழாய் இருக்கும். அதோடு ஒரு கம்பி; கம்பியின் நுனியில் பந்து போன்ற மிதவை. நீர்மட்டம் இறங்கினால் மிதவை தாழும், குழாய் திறக்கும். தொட்டி நிரம்பினால் மிதவை உயரும், குழாய் மூடிக்கொள்ளும். காவலுக்கு ஆள் தேவையில்லை. இதைப் பின்னூட்டக் கட்டுப்பாடு என்கிறோம்.

நம் உடலுக்குள்ளும் இத்தகைய மிதவைகள் பல உண்டு. அவற்றுள் ஒன்றைப் பற்றி எழுத வைத்தவன் என் மாணவன் ஒருவன். உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அங்கே ஒருவர் கொடுத்த மாத்திரை அட்டையை என்னிடம் நீட்டி, "சார், இதைச் சாப்பிட்டால் ஆறே வாரத்தில் உடம்பு ஏறுமாம். உண்மையா?" என்று கேட்டான். அது அனபாலிக் ஸ்டீராய்டு வகை மாத்திரை.

"உண்மைதான் தம்பி. அதுதான் ஆபத்து" என்றேன். ஏன் என்று பார்ப்போமா?

ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை

ஆண்களின் விரைகளில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன்தான் மீசையை அரும்ப வைக்கிறது, குரலை மாற்றுகிறது, தசைகளில் புரதம் சேர உதவுகிறது. பத்து லட்சம் லிட்டர் பிடிக்கும் நீர்த்தேக்கத் தொட்டியில் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையைக் கரைத்தால் எவ்வளவு இனிப்பு இருக்கும்? வளர்ந்த ஆணின் இரத்தத்தில் இந்த ஹார்மோனின் செறிவு ஏறத்தாழ அவ்வளவுதான்; லிட்டருக்குச் சில மைக்ரோகிராம்.

1935-ஆம் ஆண்டில் இதைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகவும் தயாரித்தார்கள். பிறகு இதன் மூலக்கூறைச் சிறிது மாற்றிப் பல மருந்துகள் செய்தார்கள். அவையே அனபாலிக் ஸ்டீராய்டுகள். சில நோய்களுக்கு மருத்துவர்கள் அளவோடு இவற்றைத் தருவதுண்டு. (ஆஸ்துமாவுக்குத் தரும் ஸ்டீராய்டு வேறு வகை. அதைப் பயந்து நிறுத்திவிடாதீர்கள்!)

அமெரிக்கப் பளுதூக்கும் குழுவின் மருத்துவரான ஜான் சீக்லர், 1958-இல் விற்பனைக்கு வந்த டயனபால் என்னும் மாத்திரையை வீரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவர் சொன்ன அளவோடு அவர்கள் நிற்கவில்லை. பல மடங்கு விழுங்கினார்கள். பிற்காலத்தில் தம் செயலுக்காக அவர் மிகவும் வருந்தினார்.

பயன் உண்டா என்பதை 1996-இல் வெளியான ஓர் ஆய்வு சோதித்தது. பத்து வாரம் பளுப்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான உடல் எடை சுமார் 2 கிலோ கூடியது. பயிற்சியோடு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் போட்டுக்கொண்டவர்களுக்குச் சுமார் 6 கிலோ. ஆனால் இது மருத்துவர்களின் கண்காணிப்பில், பத்தே வாரம் நடந்த சோதனை.

மூடிக்கொள்ளும் குழாய்

இப்போது மிதவைக்கு வருவோம். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி இரத்தத்தில் ஹார்மோனின் அளவைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. குறைந்தால் பிட்யூட்டரி சுரப்பி வழியாக, 'சுரக்கட்டும்' என்று விரைகளுக்குச் செய்தி அனுப்பும். கூடினால் செய்தி குறையும்.

உங்கள் தொட்டியில் ஒருவர் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிறார் என்று வையுங்கள். என்ன ஆகும்? மிதவை உயர்ந்தே நிற்கும். குழாய் மூடியே கிடக்கும். ஸ்டீராய்டு போட்டுக்கொள்பவரின் உடலில் நடப்பதும் இதுவே. செய்தி வராததால் விரைகள் சுருங்குகின்றன, விந்தணுக்கள் குறைகின்றன. மருந்தை நிறுத்தினால் தொட்டி வற்றுகிறது. துருப்பிடித்த குழாயோ உடனே திறப்பதில்லை. மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும், சோர்வும் மனத்தளர்ச்சியும் வாட்டும்.

நிரம்பி வழியும் தண்ணீரும் சும்மா இருப்பதில்லை. மிகுதியான ஹார்மோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனாக மாறும். அதனால் ஆண்களுக்கு மார்பு பருக்கிறது. நல்ல கொலஸ்ட்ரால் குறைகிறது. சிவப்பணுக்கள் பெருகி இரத்தம் கெட்டியாகிறது. இதயத்தின் சுவர் தடிக்கிறது. மாத்திரைகளில் பல, கல்லீரலைக் கெடுக்கின்றன. பெண்கள் உட்கொண்டால் குரல் தடித்துவிடும். அது பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

உங்கள் வயதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. எலும்புகளின் முனைக்கருகே உள்ள குருத்தெலும்புத் தட்டுகளில்தான் உயரம் வளர்கிறது. ஹார்மோன் மிகுந்தால் அவை காலத்துக்கு முன்பே எலும்பாகி மூடிவிடும். பிறகு எந்த மருந்தாலும் உயர முடியாது. புஜத்தில் இரண்டு அங்குலம் கூட்ட ஆசைப்பட்டு, உயரத்தில் இரண்டு அங்குலத்தை இழப்பது நல்ல வியாபாரமா?

மேலே சொன்ன ஆய்வில் மருந்தே இல்லாமல் பத்து வாரத்தில் கூடிய 2 கிலோவை மறந்துவிடாதீர்கள். பயிற்சி, பயறு, நிலக்கடலை, முட்டை, நல்ல தூக்கம் – இவை மிதவையைத் தொடாமல் தசையை வளர்ப்பவை. உங்களுக்குத் தெரிந்த அண்ணன் யாராவது ஏற்கெனவே மருந்து போட்டுக்கொண்டிருந்தால் கேலி செய்யாதீர்கள். மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லும்படி கூறுங்கள்.

என் மாணவன் அந்த அட்டையை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான். இன்றும் கூடத்துக்குப் போகிறான். மெதுவாகத்தான் உடம்பு ஏறுகிறது.

இன்று மாலை, பெரியவர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு மாடித் தொட்டியைத் திறந்து பாருங்கள். மிதவையை ஒரு விரலால் மேலே தூக்கிப் பிடியுங்கள். குழாயில் என்ன நடக்கிறது?