ஹெட்போன் ஆம்ப் வாங்கினால் பில்லைக் கேட்டு வாங்குங்கள்

திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் ஐடி வளாகத்தில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளிடம் ஹெட்போன் ஆம்ப் வாங்கும் ஆசை பரவியிருக்கிறது. மூவாயிரம், ஐயாயிரம் ரூபாய்க்கு, ஹெட்போனின் ஒலியைக் கூட்டும் ஒரு சின்னப் பெட்டி. சில வாரங்களில் ஒரு பக்கம் சத்தம் நின்றுவிடுகிறது, இல்லையென்றால் அடாப்டர் கை வைக்க முடியாதபடி சுடுகிறது. பில் எங்கே என்று கேட்டால் வாங்கவில்லை. அட்டைப்பெட்டி அன்றைக்கே குப்பைக்குப் போயிற்று. கடையில் கேட்டீர்களா என்றால், "வித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க சார்" என்கிறார்கள். நாலாயிரம் ரூபாய்க்கு யார் கேஸ் போடுவது என்ற இந்த அலுப்பை நம்பித்தான் தரங்கெட்ட சரக்கு விற்கிறது. நாலாயிரத்துக்கும் கேஸ் போடலாம். கட்டணம் ஒரு பைசா கிடையாது.

அதற்கு முன், ஆம்ப் உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள். 16 அல்லது 32 ஓம் இயர்போனுக்குப் பெரும்பாலும் போனே போதும். சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்போன் வைத்திருப்பவருக்குத்தான் ஆம்ப் உண்மையில் உதவும். விளம்பரத்தில் 1,000 மில்லிவாட் என்று பார்த்து மயங்காதீர்கள். ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபெல் தரும் ஹெட்போனில் அந்த ஆயிரமும் இறங்கினால் கணக்குப்படி 130 டெசிபெல். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பாதுகாப்பானதாகச் சொல்வது 80 டெசிபெல் அளவில் வாரம் 40 மணி நேரம். 90 டெசிபெல் ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். போன செவி திரும்பாது. காதில் ரீங்காரம் ஒரு நாளைக்கு மேல் நீடித்தால் ஆக்குளத்தில் இருக்கும் நிஷ் என்ற தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தில் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

வாங்குவது என்று முடிவானால், ஆம்பைவிட அடாப்டரை முதலில் புரட்டிப் பாருங்கள். ஆடியோ கருவிகளுக்கான அடாப்டர் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) கட்டாயப் பதிவுக்குள் வருகிறது. அதன் முதுகில் ஐஎஸ் எண்ணும், ஆர் என்ற எழுத்தோடு எட்டு இலக்கப் பதிவு எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவு என்று தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை, யாரும் செய்வதில்லை. சோதனை போட வேண்டிய அதிகாரிகளும் செய்வதில்லை. அதனால்தான் எண்ணே இல்லாத அடாப்டர்கள் நகரத்தில் பட்டப்பகலில் விற்கின்றன. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஆம்ப் என்றால் இன்னும் கவனம் தேவை. 120 வோல்ட் என்று மட்டும் போட்ட அடாப்டரை நம் 230 வோல்ட் பிளக்கில் செருகினால் புகைதான் வரும். சில ஆம்ப்களுக்கு ஏசி வெளியீடு தரும் அடாப்டர் வேண்டும். முனை பொருந்துகிறதே என்று வேறு அடாப்டரைச் செருகாதீர்கள்.

பொருத்தும்போது கெயினைக் குறைவிலும் வால்யூமைப் பூஜ்யத்திலும் வைத்து, ஹெட்போனைக் காதில் மாட்டாமல் ஆன் செய்யுங்கள். லேப்டாப்பில் இணைத்து இரைச்சல் வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் ஆம்ப் மீது குற்றமில்லை, கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். ஐப்பசி மழைக் காலத்தில் மதியம் 2 மணி முதல் இரவு 10 மணி வரை இடிமின்னலுக்கு வாய்ப்பு அதிகம் என்று கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. வேலைக்குப் போகும்போது பிளக்கைக் கழற்றிவிட்டுப் போங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

இப்போது உங்கள் உரிமை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் விற்பதே முறையற்ற வணிகம். பழுதான பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று கடைச் சுவரில் ஒட்டிய அறிவிப்பு இந்தச் சட்டத்தை மாற்றாது. ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முதலில் அங்கே எழுத்தில் புகார் கொடுங்கள். போனில் மட்டும் பேசினால் பிறகு நிரூபிப்பது கடினம். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கேயே தீர்ந்துவிடுவதும் உண்டு.

தீரவில்லையா? கடைக்கு 15 நாள் கெடு வைத்து ஒரு கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதன்பின் வழுதக்காட்டில் சிசுவிஹார் லேனில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வக்கீல் தேவையில்லை. வாங்கிய விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. மனுவில் வாங்கிய தேதி, கொடுத்த தொகை, என்ன பழுது, என்ன கேட்கிறீர்கள் என்று வரிசையாக எழுதுங்கள். பணம் திரும்ப வேண்டுமா, மாற்றுப் பொருளா, இழப்பீடா என்று தெளிவாகக் கேளுங்கள். மனுவோடு உறுதிமொழிப் பத்திரம், பில், வாரன்டி அட்டை, பணம் போன குறுஞ்செய்தி, கடித நகல், தபால் ரசீது. எதிர்த்தரப்பு ஒவ்வொருவருக்கும் கூடுதலாக ஒரு பிரதி. கடைக்காரரை மட்டும் சேர்த்துவிட்டு, இறக்குமதி செய்தவரை விட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. அவர் பெயரும் முகவரியும் அட்டைப்பெட்டியில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால்தான் பெட்டியை எறியாதீர்கள் என்கிறேன். நேரில் போக முடியாதவர்கள் இ-ஜாக்ருதி இணையதளத்தில் மனுவை ஏற்றலாம். நாகர்கோவிலில் வீடு, டெக்னோபார்க்கில் வேலை என்றால் இரண்டு ஊர் ஆணையங்களில் எதில் வேண்டுமானாலும் தாக்கல் செய்யலாம். வசிக்கும் இடம், வேலை செய்யும் இடம் இரண்டையும் சட்டம் ஏற்கிறது.

ஆய்வகச் சோதனை தேவைப்படாத மனுவை மூன்று மாதத்தில், தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் தேதி தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது, அது நியாயமே இல்லை. அதற்காக நீங்கள் தாமதிக்காதீர்கள். பழுது தெரிந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட்டாக வேண்டும். அதுவரை ஆம்பைத் திருகாணி கழற்றிப் பார்க்கவோ, தெருமுனை ரிப்பேர் கடையில் கொடுக்கவோ வேண்டாம். பிரித்த ஆம்பை ஆய்வகத்துக்கு அனுப்பினால், நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று சொல்ல எதிர்த்தரப்புக்கு வழி கிடைத்துவிடும்.