நடந்தும் போகாத கழுத்து வலி

தினமும் 5 கிலோமீட்டர் நடக்கிறவனுக்கு ஏன் கழுத்து வலிக்கணும்? ரெண்டு வருஷமா இந்தக் கேள்வியோடதான் கோடு எழுதிக்கிட்டிருந்தேன்.

சர்வேக்களைப் புரட்டிப் பயனில்லை. வலி வந்தவன் ஜிம்முக்குப் போறதையே நிறுத்தியிருப்பான். எது காரணம், எது விளைவுன்னு தெரியாது. அதனால் குலுக்கல் முறையில் குழு பிரித்த ஆய்வுகளை மட்டும் தேடினேன். 2003-ல் வெளியான ஃபின்லாந்து ஆய்வு ஒன்று சிக்கியது.

நாள்பட்ட கழுத்து வலியுள்ள 180 பெண் அலுவலக ஊழியர்கள். ஒரு குழுவுக்கு ரப்பர் பேண்டை எதிர்த்துத் தலையைத் தள்ளும் வலுப்பயிற்சி. இன்னொன்றுக்குப் படுத்தபடி தலையைத் தூக்கும் பயிற்சி. மூன்றாவது குழுவுக்கு நீட்டல் பயிற்சியும் ஏரோபிக்கும் செய்யச் சொல்லி அறிவுரை மட்டும். ஒரு வருடம் கழித்து வலி பெருமளவோ முழுமையாகவோ குறைந்தவர்கள் முறையே 73, 59, 21 சதவீதம். நான் இத்தனை நாளும் மூன்றாவது குழுவில் இருந்திருக்கிறேன்!

யோசித்தால் நியாயம்தான். தலை ஏறக்குறைய 5 கிலோ. நடக்கும்போது அதைத் தாங்கும் தசைகளுக்குப் புதுசா வேலை எதுவும் இல்லை. (இதயத்துக்கு நல்லது, நடையை விட்டுடாதீங்க.)

நேரமில்லை என்பவர்களுக்கு 2011-ல் வந்த டென்மார்க் ஆய்வு: ரப்பர் பேண்டை மிதித்துக்கொண்டு கைகளைப் பக்கவாட்டில் தூக்குவது, தினம் ரெண்டே நிமிஷம். பத்து வாரத்தில், 12 நிமிஷம் செய்தவர்களைவிடக் கொஞ்சம்தான் பலன் குறைவு.

நான் நாலு மாசமா செய்றேன். வலி முழுசா போகல. ஆனா ராத்திரி புரண்டு படுக்கும்போது முழிப்பு வர்றதில்லை. கை மரத்துப்போனாலோ பிடி தளர்ந்தாலோ மட்டும் ரப்பர் பேண்டைத் தொடாதீங்க, நேரா டாக்டர்கிட்ட போங்க.