நடவு வயலில் மனநிறைவை அளத்தல்

காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த திருவரங்கத் தீவையும், அதற்கு வடகிழக்கே விரியும் இலால்குடி வயல்களையும் நடவுப் பருவத்தில் காண்போர் பசுமையையே வியப்பர். நாற்றுமுடியை ஒரு கையில் பற்றி, இடுப்பை மடித்து, சேற்றில் பின்னடி வைத்து நகரும் பெண்களின் முதுகெலும்பை எண்ணுவோர் சிலரே.

குனிந்து நிற்கையில் மேலுடலின் எடையை இடுப்பு முள்ளெலும்புகளும் அவற்றிடைத் தட்டுகளும் முதுகுத் தசைகளும் தாங்குகின்றன. நெடுநேரம் இறுகி நிற்கும் தசையில் குருதியோட்டம் குறைந்து நோவு பிறக்கும். வெயிலோ மற்றொரு சுமை. உழைக்கும் தசை ஈனும் வெப்பம் பெரிதும் வியர்வை ஆவியாவதால் வெளியேற வேண்டும். நீர் தேங்கிய வயலின் ஈரக்காற்றில் வியர்வை உலராமல் வழிகிறது. வழிந்தோடும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. அப்போது உடலுக்கு எஞ்சும் காப்பு, வேகத்தைக் குறைப்பதே.

வேகத்தைக் குறைக்கும் உரிமை யாரிடம் உள்ளது? நாட்கூலி வேலையில் வரப்பில் நிற்பவரிடம். ஏக்கருக்கு இவ்வளவு எனக் குழுவாகப் பேசி நடுகையில் எவரும் விரட்டுவதில்லை, வருவாயே விரட்டும்; எனினும் விடியலில் இறங்கி உச்சிவெயிலுக்குமுன் கரையேறலாம்.

வேலையில் மனநிறைவு எதனால் வருகிறது என்பது பற்றி அமெரிக்க உளவியலறிஞர் எர்சுபெர்கு, பொறியாளரும் கணக்கருமாக ஏறத்தாழ 200 பேரை வினவி 1959இல் ஒரு கொள்கை வகுத்தார். ஊதியமும் பணிச்சூழலும் குன்றினால் மனக்குறை எழும். அவை செம்மையுற்றாலும் மனநிறைவு தானே வாராது. அதனைத் தருவன சாதனையும் மதிப்பும் பொறுப்புமே என்றார். நாற்காலியில் அமர்ந்தோரிடம் கண்ட முடிவு இது. குடிநீரும் ஒதுங்க மறைவிடமும் அற்ற வரப்பில் இப்பாகுபாடு நிற்குமென நான் நம்பவில்லை. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலையுறுதிச் சட்டம் பணியிடத்தில் குடிநீர், நிழல், முதலுதவி ஆகியவற்றை விதித்தது. தனியார் வயலுக்கு அவ்விதி எட்டவில்லை.

இலால்குடி வட்டத்து நிலப்பதிவேடுகளை ஆராய்ந்த யப்பானிய அறிஞர் யனகிசாவா, 1996இல் வெளிவந்த தம் நூலில், கடல்கடந்து வேலைக்குச் செல்லும் வழி திறந்தபின் கூலியாட்கள் நிலவுடைமையாளரைச் சார்ந்திருந்த நிலை தளர்ந்ததை எடுத்துக்காட்டினார். மறுத்துப் போக வழியில்லாதவரிடம் 'நிறைவா?' என்று கேட்டுப் பெறும் 'ஆம்' எதனை அளக்கிறது? மனநிறைவை அளக்க ஐந்து படி அளவுகோலோடு வயலுக்குச் செல்லும் ஆய்வாளர், வேறு வேலை கிடைக்குமா என்பதை முதல் வினாவாக்கலாம்.

இப்போது நடவுப்பொறி வந்துவிட்டது. பாய்நாற்றங்காலும் சமன்செய்த வயலும் இருந்தால் அது விரைந்து நட்டுவிடும். ஓட்டுபவர் பெரும்பாலும் ஆண். பெண்களுக்கு நடவின் முதுகுநோவோடு நடவுக் கூலியும் போயிற்று. அவர்களுக்கு எஞ்சுவது களையெடுப்பு, அதுவும் குனிந்தே.