வீட்டுக்கு வேண்டிய பேட்டரி

மழைக்கால இரவு. கரண்ட் நின்றுவிட்டது. வாசலில் ஏதோ ஊர்வது போல் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் டார்ச் லைட்டை எடுத்து அழுத்தினார். எரியவில்லை. மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே பேட்டரி கசிந்து, பூத்துப் போயிருந்தது.

கட்டுவிரியன் இரவில்தான் இரை தேடும். அப்போது வெளிச்சம் இல்லையென்றால் உயிருக்கே ஆபத்து. பேட்டரி சின்னப் பொருள்தான். ஆனாலும் அதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேட்டரி ஏன் கசிகிறது?

சாதாரண பேட்டரியின் கூடு துத்தநாகத் தகட்டால் ஆனது. நடுவில் கரிக்குச்சி இருக்கும். சுற்றிலும் ஈரமான ரசாயனப் பசை இருக்கும். மின்சாரம் தரத் தர, தகடு அரித்துக்கொண்டே போகும். கடைசியில் ஓட்டை விழும். பசை வெளியே வரும். அது டார்ச்சையும் கெடுக்கும்.

சிலர் தீர்ந்த பேட்டரியை வெயிலில் காய வைப்பார்கள். அது சிறிது நேரம் எரியலாம். ஆனால் சீக்கிரம் கசிந்துவிடும்.

எதற்கு எது?

பெரிய கட்டையும் 1.5 வோல்ட். பென்சில் பேட்டரியும் 1.5 வோல்ட். பெரியதில் சரக்கு அதிகம். அதனால் அதிக நேரம் உழைக்கும்.

சுவர்க் கடிகாரம், டிவி ரிமோட் இரண்டும் குறைந்த மின்சாரமே எடுக்கும். அவற்றுக்குச் சாதாரண பேட்டரி போதும். டார்ச்சுக்கு அல்கலைன் பேட்டரி நல்லது. விலை கூடுதல். ஆனால் பல மடங்கு உழைக்கும். தினமும் டார்ச் தேவைப்பட்டால், சார்ஜ் செய்யும் பேட்டரி வாங்கலாம். மற்ற பேட்டரிகளைச் சார்ஜரில் போடக் கூடாது.

வாங்கும்போதும் வைக்கும்போதும்

● பேட்டரி மீதோ அட்டை மீதோ தேதி இருக்கும். அதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். கடையில் கிடந்தாலும் பேட்டரியின் சக்தி குறையும்.
● டார்ச்சுக்கு ஒரு ஜோடி கூடுதலாக இருந்தால் போதும். மழைக்காலத்துக்கு முன்பே வாங்கி வையுங்கள்.
● அடுப்பருகே வைக்க வேண்டாம். சாவி, சில்லறைக் காசுடன் போட வேண்டாம். உலோகம் இரு முனைகளிலும் பட்டால் பேட்டரி சூடாகும்.
● பழையதையும் புதியதையும் சேர்த்துப் போடாதீர்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள்.
● பல நாள் பயன்படுத்தாத டார்ச்சிலிருந்து பேட்டரியை எடுத்து வையுங்கள்.

குழந்தைகள் ஜாக்கிரதை

பொம்மையிலும் சில ரிமோட்டுகளிலும் காசு போன்ற வட்டமான பேட்டரி இருக்கும். அதைக் குழந்தை விழுங்கினால் தொண்டையில் சிக்கலாம். இரண்டு மணி நேரத்திலேயே உணவுக் குழாய் வெந்துவிடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். காத்திருக்காதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

தீர்ந்த பேட்டரியை நெருப்பில் போட்டால் வெடிக்கும். கிணற்றிலோ வயலிலோ எறியவும் கூடாது. 2022-ல் மத்திய அரசு பேட்டரிக் கழிவு விதிகளைக் கொண்டு வந்தது. அதன்படி, தீர்ந்த பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு அதைத் தயாரிக்கும் கம்பெனிக்கு உண்டு. குறுக்குக் கோடு போட்ட குப்பைத் தொட்டிப் படம் பேட்டரியில் இருந்தால், 'குப்பையில் போடாதே' என்று பொருள்.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் வீட்டு டார்ச்சில் கடைசியாக எப்போது பேட்டரி மாற்றினீர்கள்?
2. உங்கள் வீட்டில் காசு போன்ற பேட்டரி எந்தெந்தப் பொருளில் இருக்கிறது?