பர்மா நிலமும் செட்டிநாடும்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் முதலிய ஊர்களில் பர்மாத் தேக்குத் தூண்கள் தாங்கி நிற்கும் மாளிகைகளைக் காண்போர் அவற்றின் அழகைப் புகழ்ந்து செல்கின்றனர். அத்தூண்களைக் கொணர்ந்த செல்வம் எவ்வாறு சேர்ந்தது, எவ்வாறு அழிந்தது என்று ஆராய்வோர் சிலரே. பர்மியரின் துவேஷமே அழிவுக்குக் காரணம் என்று கூறுவது வழக்கமாகிவிட்டது. இது பாதி உண்மையே என்பது நமது அபிப்பிராயம்.

1852-இல் கீழ்ப்பர்மாவையும், 1885-இல் மாண்டலே அரசையும் வென்ற ஆங்கிலேயர், அந்நாட்டை இந்திய ஆட்சியுடன் பிணைத்தனர். ஐராவதிக் கழிமுகத்துக் காடுகளைத் திருத்தி நெல் விளைவிக்க முதல் தேவைப்பட்டது. ஆங்கில பாங்கிகள் சிறு குடியானவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. அப்பொறுப்பை நகரத்தார் ஏற்றனர். 1930-ஐ ஒட்டி அங்கே ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றில் புரண்ட முதல் 75 கோடி ரூபாய் என மாகாண பாங்கிங் விசாரணைக் கமிட்டி மதிப்பிட்டது.

இக்கடனுக்கு ஈடு யாது? நிலமே. பன்னிரண்டு ஆண்டு தொடர்ந்து அநுபவித்து வரி செலுத்தியவனுக்கு 1876-ஆம் ஆண்டுச் சட்டம் நிலவுரிமை அளித்தது. அதனை அடகு வைக்கவும் விற்கவும் இடம் தந்தது. பஞ்சாபில் குடியானவர் நிலம் பிறர் கைக்குப் போகாதவாறு 1900-லேயே சட்டம் செய்த அதே சர்க்கார், பர்மாவில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வாளாவிருந்தது. அரிசி ஏற்றுமதியும் நிலவரியும் குறைவின்றி நடந்தால் போதும் என்பதே அதன் நோக்கம்.

1930-இல் உலக மந்தம் வந்தது. நெல் விலை வீழ்ந்தது, கடன் திரும்பவில்லை. கீழ்ப்பர்மாவின் பதின்மூன்று நெல் ஜில்லாக்களில் செட்டியார் வசமிருந்த நிலம், 1930-இல் நூற்றுக்கு ஆறாயிருந்து, 1937-க்குள் இருபத்தைந்தாயிற்று. நிலம் நாடி எவரும் கடல் கடக்கவில்லை. வட்டி நாடிச் சென்றவர் கையில் வயல் வந்து விழுந்தது. ஆயினும் நிலமிழந்த உழவன் கண்டது சட்டம் இயற்றிய துரையையன்று. பத்திரத்துடன் எதிரே நின்ற செட்டியாரையே. வயலில் மூண்ட கோபத்தை நாம் அறியாதவர்போல் பேசுவது நியாயமாகாது.

1937 ஏப்ரல் முதல் தேதி பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1942-இல் ஜப்பானியர் படையெடுத்தபோது லக்ஷக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து ஓடிவந்தனர். வழியில் மடிந்தோர் பல்லாயிரவர். 1948-இல் விடுதலை பெற்ற பர்மா, அவ்வாண்டே நிலத்தைத் தேசவுடைமையாக்கச் சட்டம் செய்தது. இழப்புக்கு ஈடான நஷ்டஈடு நம்மவருக்குக் கிட்டவில்லை. சட்டத்தை வகுத்தவர் கப்பலேறிச் சென்றனர். அதனை நம்பியவரும் அதனால் நிலமிழந்தவரும் ஒருவரையொருவர் நொந்துகொண்டு நின்றனர்.

இன்றும் தமிழர் தொழிலும் முதலும் கொண்டு பல தேசங்களுக்குச் செல்கின்றனர். அந்நாட்டு மக்களின் சம்மதமில்லாத சட்டம் எவ்வளவு வலிமையுள்ளதாகத் தோன்றினும், அதனை நம்பிக் கட்டிய செல்வம் ஆற்றுமணலில் எழுப்பிய வீடேயாகும். செல்லுமிடத்து உழவனும் தொழிலாளியும் வாழ நாம் வாழ்வதே நிலையான பாதுகாப்பு. மாளிகைத் தூண்கள் நமக்கு உணர்த்தவேண்டிய பாடம் இதுவே.