இரட்டைச் சுமை: சர்க்கரை வியாதியும் காசநோயும்



இரண்டு வாரமாக இருமல் நிற்கவில்லை. மாலையானால் இலேசான காய்ச்சல். உடலும் மெலிகிறது. "சர்க்கரை கூடியிருக்கும், அதனால்தான் இந்த மெலிவு" என்று நாமே தீர்மானித்து, மருந்துக் கடையில் இருமல் மருந்து வாங்கிக் குடித்துவிட்டு வேலைக்குப் புறப்படுகிறோம். மும்பையிலும் டில்லியிலும் ஒரே அறையில் குடும்பமாய் வாழும் நம்மில் பலருக்கு இந்தத் தவறான தீர்மானம் எத்தனை ஆபத்தானது என்று சிந்தித்ததுண்டா?

உறங்கும் கிருமி

காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் 1882-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தார். காற்றின் வழியாய்ப் பரவும் இக்கிருமி உள்ளே நுழைந்த அனைவருக்கும் நோய் வருவதில்லை. சரீரத்தின் எதிர்ப்புச் சக்தி அதை அடக்கி வைக்கிறது. பலருக்கு ஆயுள் முழுவதும் அது உறங்கியே கிடக்கும். ஆனால் இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால், காவல் காக்கும் வெள்ளணுக்களின் ஆற்றல் குன்றுகிறது. உறங்கிய கிருமி விழித்துக்கொள்கிறது.

13 ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளியான ஆராய்ச்சி, நீரிழிவு உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று காட்டியது. தமிழ்நாட்டில் காசநோயாளிகளைச் சோதித்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், நால்வரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் பலர் அதை அப்போதுதான் அறிந்துகொண்டனர்! உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் உள்ளனர். 2023-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, இங்கு நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர். இவ்விரு வெள்ளங்களும் நம் நகரங்களில் சந்திக்கின்றன.

ஒன்றையொன்று வளர்க்கும் நோய்கள்

காசநோய் சர்க்கரையின் அளவை உயர்த்துகிறது. கட்டுக்கடங்காத சர்க்கரையோ காசநோய் குணமாவதைத் தாமதிக்கிறது. நோய் திரும்பி வருவதற்கும் மரணத்திற்கும் வழி திறக்கிறது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், சில சர்க்கரை மாத்திரைகளின் வேலையைக் குறைக்கும். ஆகவே இரண்டுக்கும் வெவ்வேறு மருத்துவரிடம் சென்றாலும், ஒன்றை மற்றவரிடம் மறைக்காதேயுங்கள்.

நாம் செய்யவேண்டியவை

1. நீரிழிவு உள்ளவருக்கு இரண்டு வாரத்திற்கு மேல் இருமல், காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு இருந்தால் சளிப் பரிசோதனை அவசியம்.

2. காசநோய் என்று தெரிந்தவுடன் இரத்தச் சர்க்கரையையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

3. அரசு மையங்களில் காசநோய் மருந்து இலவசம். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இரண்டு மாதத்தில் இருமல் நின்றதென்று மாத்திரையை நிறுத்தினால், மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகக்கூடும். ஊருக்குப் போகும்போது மையத்தில் சொன்னால், அங்கேயே சிகிச்சை தொடர ஏற்பாடு செய்வார்கள்.

ஒதுக்காதிருப்போம்

1956-இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி ஒரு பெரிய உண்மையை நிலைநாட்டியது. மருந்தை ஒழுங்காய் உட்கொண்டால், வீட்டிலிருந்தே குணமடையலாம். வீட்டாருக்கு அதனால் கூடுதல் ஆபத்தும் இல்லை. ஆயினும் மகளின் திருமணம் தடைபடுமோ, வாடகை வீடு போய்விடுமோ என்று அஞ்சி இன்றும் எத்தனைபேர் இருமலை மறைக்கிறார்கள்! மறைக்கப்பட்ட நோயே அந்தச் சிறிய அறையில் உறங்கும் பிள்ளைகளைத் தொடுகிறது.

உங்கள் வீட்டில், உங்கள் சபையில், அடுத்த வீட்டில் யாராவது நெடுநாளாய் இருமுகிறார்களா? விலகிப் போகாதேயுங்கள். நாளைக் காலையில் அவரோடுகூடப் பரிசோதனை மையத்திற்கு நடந்து செல்லுங்கள்.